சிராஜ் பாயும் ஓர் எர்த் பட்டையும்

சிராஜ் பாய் இறந்த செய்தி நான்காவது அழைப்பில்தான் என்னை வந்தடைந்தது. முதல் மூன்று அழைப்புகளை நான் எடுக்கவில்லை. கியர் போட்டால் சத்தம் வருகிறது என்று ஒருவர் விட்டுப்போன வண்டியை ட்ரையல் பார்க்க மேட்டுப்பாளையம் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலை பதினோரு மணி இருக்கும். பக்கத்து சீட்டில் கிடந்த போனில் அவர் பெயர் வந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்துப் போடுவது இரண்டு மாதமாக எனக்குப் பழக்கமாகியிருந்தது. அன்றும் அதைத்தான் செய்தேன். நான்காவது முறை அடித்தபோது எரிச்சலோடு எடுத்து, "வண்டி ஓட்டிட்டு இருக்கறனுங்க பாய், அப்பறம் கூப்படறேன்" என்றேன். பேசியது பாய் அல்ல, அவர் மகள் ஷமீமா. "அத்தா மௌத்தாயிட்டாருங்க மாமா. காலைல தொழுகைக்கு எந்திரிச்சவரு நெஞ்சு ஒரு மாதிரி இருக்குதுன்னு உக்காந்தாரு. அவ்வளவுதானுங்க. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு எடுக்கறோம், வந்துருங்க" என்றாள்.

உடனே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். நான் திருப்பவில்லை. காரமடை வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினேன். வண்டியில் சத்தம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதை மறுநாள் மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு ஒரு விஷயத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாவிட்டால் ஏதாவது ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ட்ரையல் போய்விடுவேன். என்னோடு பழகிய எல்லோருக்கும் இது தெரியும். பாய்க்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

நம் ஒர்க்‌ஷாப்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கொண்டுவரும் இந்த அஞ்சலி மலருக்கு முதலில் என்னைத்தான் எழுதச் சொன்னீர்கள். நியாயம்தான். போத்தனூர் ரோட்டில் ஒரே கேட்டுக்குள், ஒரே தகரக் கூரைக்குக் கீழே, பதினெட்டு வருஷம் நாங்கள் இருவரும் தொழில் செய்தோம். அவருக்கு ஒயரிங், எனக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும். நல்லதாக நாலு வார்த்தை எழுதி ஒரு போட்டோவையும் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் பாயைப் பற்றி உங்களில் பலர் நம்பிக்கொண்டிருக்கும் ஒன்று பொய். காரமடை கலாமணி டீச்சரின் வண்டி மோதியதற்கு பாய் செய்த ஒயரிங்தான் காரணம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்படிச் சொன்னவன் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அந்த வண்டியின் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் பாய் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று அவரைப் பழகாதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்று அவர்களுக்குப் புரியாது.

சிங்காநல்லூரிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். வண்டியில் ஏர்பேக்கின் சிவப்பு லைட் எரிகிறது, ஆனால் எப்போதும் அல்ல. அவர் தனியாக ஓட்டினால் எரிவதில்லை, மனைவி முன் சீட்டில் ஏறினால் எரிகிறது. இரண்டு இடத்தில் கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்து, ஏதேதோ மாற்றி, ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்திருந்தார். "அம்மணி ஏறுனாத்தானுங்க எரியுது. நான் ஒண்டியாப் போனா ஒண்ணுமே இல்லீங்க" என்றார். அந்த அம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது. "இதையேதானுங்க ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு. நானென்ன ராசியில்லாதவளா?" என்றார். பாய் காகிதக் கட்டைத் தொடவே இல்லை. "எப்பவும் எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க அம்மணி" என்றார். அந்த அம்மா ஏறினார். கால் நீட்ட வசதியாக சீட்டைப் பின்னால் தள்ளினார். லைட் எரிந்தது. பாய் மண்டி போட்டு சீட்டுக்கு அடியில் கைவிட்டார். அங்கே ஒயரைச் சேர்க்கும் கனெக்டரின் கொக்கி உடைந்து போயிருந்தது. சீட் பின்னால் போகும்போதெல்லாம் ஒயர் இழுபட்டு அரை நூல் அளவுக்கு விலகியிருக்கிறது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே அந்தப் புருஷனிடம், "ஏனுங்க, ஒரு நாளைக்காச்சும் நீங்க அம்மணி சீட்டுல உக்காந்து பாத்திருந்தா இங்க வர வேண்டிய வேலையே இல்லீங்க" என்றார். அந்த அம்மா கேட் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே போனார்.

எனக்குப் பொறுமை கிடையாது. பார்ட்டை மாற்று, வண்டியை அனுப்பு என்பதுதான் என் வேதம். நினைத்தால் ஸ்டார்ட் ஆகும், நினைத்தால் ஆகாது என்று ஒரு வண்டி என்னிடம் இரண்டு வாரம் கிடந்தது. பேட்டரி மாற்றினேன். ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்றினேன். அப்புறமும் அது தன் இஷ்டத்துக்குத்தான் இருந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு பாயைக் கூப்பிட்டேன். மீட்டரில் பன்னிரண்டு வோல்ட் சரியாகக் காட்டுகிறது பாருங்கள் என்று நான் வாதம் செய்தேன். அவர் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு ஒயரில் கட்டி வைத்திருப்பார். அதைக் கொண்டுவந்து ஒவ்வோர் இடமாக மாட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் பல்பு அழுது வடிந்தது. "சும்மா இருக்கறப்ப எல்லா ஒயரும் நல்ல ஒயருதானுங்கண்ணா. ஒரு வேலையக் குடுத்துப் பாருங்க, அப்பத்தான் எது தாங்குதுன்னு தெரியும்" என்றார். ஒயரின் மேல்தோலைக் கீறிக் காட்டினார். உள்ளே செம்பு பச்சை பிடித்து, ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. நான் அவரைச் சுற்றிச் சுற்றி நடந்து, "எப்ப முடியும் பாய், எப்ப முடியும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "நீங்க ஒரு எடத்துல நின்னா முடிஞ்சுருமுங்க" என்றார்.

என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நம் ஊரில் அது வழக்கம்தான் என்றாலும், அவர் வாயில் அது வெறும் வழக்கமாக எனக்குப் பட்டதில்லை. அவரை மகான் ஆக்குவதற்காக இதை எழுதவில்லை. மகா முணுமுணுப்புக்காரர். கண்டபடி கலர் லைட் மாட்டிக்கொண்டு வருகிறவர்களை முகத்துக்கு நேராகவே, "கல்யாண மண்டபமா நடத்தறீங்க?" என்பார். அவசரம் என்று யாராவது சொல்லிவிட்டால் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வார். என் வீட்டிலிருந்து அரிசிம்பருப்புச் சோறு வருகிற நாளில் மட்டும் மணி பார்த்து வேலையை நிறுத்துவார். என் டப்பாவில் பாதி அவருக்குத்தான்.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவருக்கு டோர் லாக்கை அவர் சரிசெய்து கொடுத்திருந்தார். ஆறு மாதம் கழித்து அதே வண்டி வந்தது. இந்த முறை ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் பாட்டு நின்றுவிடுகிறது. கதவுப் பூட்டுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கே தெரியும். பாய் முதலில் என்ன செய்தார் தெரியுமா? கதவின் பலகையைக் கழற்றி, ஆறு மாதத்துக்கு முன்னால் தான் போட்ட இணைப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. திரும்ப மூடினார். அதற்குப் பிறகுதான் பாட்டுப் பெட்டியின் பக்கமே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் பாய், உங்க வேலைமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?" என்றேன். "என்ற வேலையத்தாங்க மொதல்ல சந்தேகப்படோணும். அடுத்தவங்க வேலைய அவங்க சந்தேகப்பட்டுக்குவாங்க" என்றார். எல்லோரும் தன்னைப் போலத்தான் என்று நினைத்துவிட்டார்.

இனி டீச்சரின் வண்டி. கலாமணி டீச்சர் காரமடையிலிருந்து கோவைக்குத் தினமும் காரில் வந்து பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டுப் போகிறவர். பழைய வண்டி, ஆனால் அதைக் குழந்தை மாதிரி வைத்திருப்பார். ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது என்று ஒரு திங்கட்கிழமை பாயிடம் விட்டார். லைட்டுக்கு முழுக் கரண்ட் நேராகப் போக பாய் புதிதாக ரிலே போட்டு, அதற்கு எர்த் ஒயரை பேட்டரிக்குக் கீழே இருக்கும் ஒரு போல்ட்டில் சேர்த்தார். அந்த போல்ட்டில் ஏற்கெனவே எர்த் பட்டை ஒன்று இருந்தது. எஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற, செம்புக் கம்பியில் பின்னிய தட்டையான பட்டை அது. ஒரு சாண் நீளம் இருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது போகிற அவ்வளவு கரண்ட்டும் பேட்டரிக்குத் திரும்பி வருவது அந்தப் பட்டை வழியாகத்தான். புதன்கிழமை அதே வண்டி என் பக்கம் வந்தது. கிளட்ச் மாற்ற வேண்டும். கியர்பாக்ஸை இறக்குவதற்காகப் பட்டையின் இரண்டு முனையையும் நான் கழற்றினேன்.

திரும்ப ஏற்றும்போது மூன்று வண்டி காத்திருந்தது. பாயின் ஒயரை அதே போல்ட்டில் மாட்டி இறுக்கினேன். கியர்பாக்ஸ் பக்க போல்ட்டையும் இறுக்கினேன். இரண்டு போல்ட்டும் அதனதன் இடத்தில் இருந்தன. நடுவில் இருக்க வேண்டிய பட்டையை மட்டும் மாட்டவில்லை.

இப்படிப் பட்டை இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கரண்ட் திரும்பிப் போக வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் தொட்டுக்கொண்டு போகிற எந்த இரும்பும் அதற்கு வழிதான். அந்தப் பழைய வண்டியில் ஆக்சிலேட்டர் கேபிள் அப்படி ஒரு வழி. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது சூடாகும். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாக உருகும். இடையில் டீச்சர் எனக்கு போன் செய்தார். "காலைல ஸ்டார்ட் ஆகறதுக்கு ரொம்ப இழுக்குதுங்க. லைட் போட்டா சூடு காட்டற முள்ளு வேற மேல ஏறுது" என்றார். பாயாக இருந்தால் அந்த ஒரு வாக்கியத்திலேயே எர்த் கோளாறு என்று பிடித்திருப்பார். நான், "பேட்டரி பழசாயிருக்குமுங்க டீச்சர், அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பதினைந்து நாளில் பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்போது ஆக்சிலேட்டர் அழுத்தியது அழுத்தியபடியே நின்றுவிட்டது. டீச்சர் சாமர்த்தியமாக ஓரமாகத் திருப்பி, நின்றுகொண்டிருந்த ஒரு டெம்போவின் பின்னால் மோதி நிறுத்தினார். வலது மணிக்கட்டு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியை எங்கள் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். டீச்சரின் அண்ணன் கூடவே வந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்களும் கூடிவிட்டார்கள். எல்லோரும் பார்க்க நான் கேபிளை உருவினேன். உள்ளே கருகிப்போய் ஒட்டியிருந்தது.

"கேபிள்ல கரண்ட்டுப் போயிருக்குதுங்க. இது எலெக்ட்ரிக்கல் கோளாறு. புதுசா லைட்டுக்கு ஒயரிங் பண்ணியிருக்குது பாருங்க, அதுலதான்" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூட அவசரத்தில் வந்த வார்த்தை என்று வைத்துக்கொள்ளலாம். "என் பக்கத்துல ஒவ்வொரு போல்ட்டும் நானே கையால இறுக்கி விட்டதுங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். சத்தியமாக அந்த நேரத்தில் எனக்குப் பட்டை ஞாபகம் இல்லை. ஆனால் பாய்க்கு முன்னால், பாயைப் பார்க்காமல் அதைச் சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

பாய் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். "ஒரு அரை மணி நேரம் குடுங்க, பாத்துச் சொல்லிப்போடறேன்" என்றார். "நீங்க தொட்டது போதுமுங்க" என்று டீச்சரின் அண்ணன் கையை நீட்டி மறித்தார். அன்றைக்கே வண்டியை வேறு இடத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். அங்கே கேபிளைப் புதிதாக மாற்றி, இல்லாத பட்டையையும் போட்டு ஓட்டவிட்டிருப்பார்கள். யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பாய் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பழைய கிளட்ச் பிளேட்டை இரும்புக்கடைக்குப் போட எடுத்தேன். கழற்றிய சாமான்களைப் போட்டுவைக்கும் ட்ரேயில், அந்தப் பிளேட்டுக்கு அடியில் பட்டை கிடந்தது. பார்த்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. பாய் பத்தடி தூரத்தில் யாருடைய வண்டிக்கோ ஹாரன் மாட்டிக்கொண்டிருந்தார். 'பாய், இங்க வாங்க' என்று ஒரு வார்த்தை போதும். பட்டையைப் பிளேட்டோடு சேர்த்து இரும்புக்கடையில் போட்டுவிட்டு, ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்காட்டு ரோட்டில் ட்ரையல் போனேன். மதியம் வரை திரும்பி வரவில்லை. டப்பாவில் இருந்த சோற்றை அன்றைக்கு முழுக்க நானே தின்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். வாடிக்கையாக வண்டி விடுகிற டிராவல்ஸ்காரர்கள் பாயிடம் விடுவதை நிறுத்தினார்கள். "பாய்க்கு வயசாயிருச்சுங்க" என்று பேச்சு வந்தது. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நான் மறுக்கவில்லை. இரண்டு மாதத்தில் பாய் சாமான்களை ஏற்றிக்கொண்டு கரும்புக்கடை ஏரியாவில் இருக்கும் தன் வீட்டு முன்னறைக்கே போய்விட்டார். போகும்போது, "வாரேனுங்கண்ணா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தரமாவது போன் செய்வார், நான் எடுக்கமாட்டேன். ஒருநாள் நேரிலேயே வந்தார். கேட்டில் அவர் தலை தெரிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ட்ரையலுக்குப் போய்விட்டேன். என்னைத் திட்ட வருகிறார், கேள்வி கேட்க வருகிறார் என்றே நினைத்தேன். கோபத்தைக்கூட நானே அவருக்குக் கற்பித்துக்கொண்டு, 'இவர் என்ன பெரிய இவர்' என்று உள்ளுக்குள் திட்டியும் இருக்கிறேன். குற்றம் செய்தவனுக்குத்தான் ரோஷம் அதிகம் என்பார்கள்.

அடக்கத்துக்குப் போனேன். பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே நம் ஆட்கள் நின்ற கூட்டத்தில் நானும் நின்றேன். ஒருவர் என் காதருகே குனிந்து, "தங்கமான மனுஷனுங்க. அந்த டீச்சர் வண்டி ஒண்ணுலதான் பேரு கெட்டுப்போச்சு" என்றார். நான் தலையாட்டினேன். உள்ளே அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கிறார்கள், வெளியே நான் தலையாட்டுகிறேன். அதை நினைத்தால் இப்போதும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள்ளேயே மூன்று முறை எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஷமீமா கூப்பிட்டாள். "அத்தாவோட சாமான் இருக்குதுங்க மாமா. எது யாருக்கு உதவும்னு நீங்கதான் பாத்துச் சொல்லோணும்." இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தேன், போகவும் போனேன். முன்னறையில் எல்லாம் துடைத்து அடுக்கியபடி இருந்தது. ஒரு அட்டைப்பெட்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற கோடு போட்ட நோட்டுகள் இருந்தன. பதினெட்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அவர் வீட்டுக்குப் போய் இப்படி எழுதிவைப்பார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். மேலே 'கோளாறு', அதற்குக் கீழே 'இடம்'. பெரும்பாலான பக்கங்களில் ஒரே வரி, அவ்வளவுதான். கடைசி நோட்டில் டீச்சர் வண்டிக்கு மட்டும் ஒன்பது பக்கம். எல்லாப் பக்கத்திலும் அந்த ரிலேயின் படத்தையே திரும்பத் திரும்ப வரைந்திருந்தார். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'அந்த போல்ட்டுல பட்டையும் இருந்தது, என் ஒயரும் இருந்தது. ஒயரைச் சேர்த்துட்டு இறுக்கினேனா? கைக்கு ஞாபகம் இல்லை. தங்கவேலண்ணன் தன் பக்கம் எல்லாம் இறுக்கினதா எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அவரு வாய்ல பொய் வராது. அப்ப நான்தான். அவருகிட்ட ஒரு தரம் கேட்டுக்கணும்.'

அதற்குக் கீழே 'இடம்' என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

"கடைசி நாள் வரைக்கும் இதையேதான் வரஞ்சுட்டு இருந்தாருங்க. தங்கவேலண்ணங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கோணும், அவரு பிஸியா இருக்காருன்னு சொல்லுவாரு. என்ன கேள்விங்க மாமா அது?" என்று கேட்டாள் ஷமீமா. அவர் என்னைத் திட்டுவதற்காகக் கூப்பிடவே இல்லை. சொல்லிவிட்டேன். நின்றுகொண்டேதான் சொன்னேன். பட்டையைக் கழற்றியது, மாட்டாமல் விட்டது, ட்ரேயில் பார்த்தது, இரும்புக்கடையில் போட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. உள்ளே போய் ஒரு பேனாவை எடுத்துவந்து நோட்டின் மேல் வைத்தாள். "இதுல எழுதுங்க. எடம் எதுன்னு எழுதுங்க" என்றாள். எழுதினேன். படித்துப் பார்த்தாள். "அத்தா இதுக்கோசரம் நாலு மாசமா சரியாத் தூங்கலீங்க. நீங்க தூங்குனீங்களா?" என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. "தூங்குனேன் கண்ணு" என்றேன். "எல்லார் முன்னாலயும் சொன்னீங்கள்ல, எல்லார் முன்னாலயுமே இதையும் சொல்லிப்போடுங்க" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே காரமடைக்குப் போனேன். டீச்சரின் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆனால் போர்டில் எழுதினால் கொஞ்ச நேரத்தில் வலி எடுக்கிறது என்றார். அவரிடமும் அவர் அண்ணனிடமும் சொன்னேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கேட்டார்: "அந்த பாய் ஒரு நாளைக்கு எங்க ஊட்டுக்கு வந்தாருங்க, உங்களுக்குத் தெரியுமா? என்ற கையால ஆயிருந்தா மன்னிச்சுக்கோங்க அம்மணின்னு கேட்லயே நின்னு சொன்னாரு. அண்ணன் உள்ள வர வேண்டாம்னு திருப்பி அனுப்பிச்சுட்டாரு. நானும் சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

பாயிடமிருந்து நான் என்ன எடுத்துக்கொண்டேன் என்று எழுத வேண்டுமாம். சாமான் எதையும் நான் கேட்கவில்லை, ஷமீமாவும் கொடுக்கவில்லை. அவருடைய பொறுமை எனக்கு வராது. பதினெட்டு வருஷத்தில் வராதது இனிமேலா வரப்போகிறது? தன் கையை முதலில் சந்தேகப்படுகிற அந்தப் புத்தி மட்டும், அவர் போன பிறகு, காலம் கடந்து வந்திருக்கிறது. கிளட்ச் முடித்து அனுப்பிய வண்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாடிக்கையாளர்கள் திட்டிக்கொண்டே கொண்டுவருகிறார்கள். பட்டை எல்லா வண்டியிலும் இருக்கிறது, இறுக்கமாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது.

அன்றைக்கு ஷெட்டில் நின்று நான் சொன்னதைக் கேட்டவர்கள், பாயையும் டீச்சரின் அண்ணனையும் தவிர, ஆறு பேர். ஆறு பேரையும் தேடிப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும், "அவருதான் போயிட்டாரே தங்கவேலு, இனி எதுக்குங்க இதெல்லாம்? உங்க பேரும் கெட்டு என்னாகப் போவுது?" என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அவருக்கு என் பதிலை இங்கே சொல்கிறேன். சிராஜ் பாய் தன் கையை நம்ப முடியாமல் செத்துப்போனார். அந்தக் கையில் ஒரு குற்றமும் இல்லை.